பன்னிரண்டாவது கட்டில்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஊசி. ஜெபமாலை எங்கள் தெருவுக்குள் நுழைந்தது காலை ஏழு மணிக்கு. காலில் செருப்பில்லை, தலை வாரவில்லை, கையில் மாற்றுத்துணிப் பை. அவளைப் பார்த்ததுமே நான் அடுப்பிலிருந்து உலையை இறக்கி வைத்துவிட்டேன். இந்த மாதிரிக் கோலத்தில் வருகிறவர்கள் என்னைத் தேடி வருவதில்லை. அடுத்த வீட்டுக் காதர் மைதீனைத் தேடித்தான் வருவார்கள். அதனால் என்ன? இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு ஓலை வேலி. அதில் ஒரு ஓட்டை. ஓட்டையைப் போட்டது எலி. பெரிதாக்கியது மட்டும்தான் அற்புதம்மாளாகிய நான்.

"காதர் அண்ணே, இன்னைக்கு எம் புருஷனுக்கு அந்த ஊசியைப் போட விடவா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிருறேன்."

காதர் மைதீன் தனுஷ்கோடித் துறையில் இருபத்திரண்டு வருஷம் சுங்கச் சோதனை பார்த்து ஓய்வு பெற்றவர். கொழும்புக் கப்பலில் வந்து இறங்குகிறவன் மூட்டையை அவிழ்க்கும் முன்னாலேயே உள்ளே என்ன என்று சொல்லிவிடுவார் என்று பாம்பன் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சில் பாதி நான் பரப்பியது.

"உக்காரும்மா. எந்த ஊசி?"

"பங்களா ஆஸ்பத்திரி ஊசி."

அவர் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். நான் வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே போய்விட்டேன். ஓட்டை வழியாகக் கேட்கிற விஷயம் இல்லை இது.

பங்களா ஆஸ்பத்திரி மண்டபம் ஊருக்கு மேற்கே, கடலைப் பார்த்த மாதிரி தனியாக நிற்கிறது. எவரோ உப்பு வியாபாரி கட்டிய வீடு. இந்த அறுபத்தொன்றாம் வருஷம் அதில் பன்னிரண்டு கட்டில் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டும் பெருங்குடலில் புற்று வந்தவர்களுக்கு. மெட்ராஸிலிருந்து புது மருந்து வருகிறது. அது கட்டியைக் கரைக்குமா கரைக்காதா என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் வாராவாரம் போட்டுப் பார்க்கிறார்கள். ஊர் வைத்த பெயர் பரீட்சை ஊசி. பரீட்சை எழுதுவது நோயாளி, பாஸ் ஆவது மெட்ராஸ் டாக்டர் என்று சொல்லித் திரிந்தவள் நான். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாவது கட்டிலில் கிடந்த பொன்னுச்சாமி செத்துப்போகும் வரைக்கும் ஊரும் சிரித்தது.

"அவருக்கு யாரோ விஷம் வச்சுட்டாங்கன்னு டாக்டரே சொல்றாரு," என்றாள் ஜெபமாலை. "நாளைக்கு போலீஸ் வருதாம். அதுக்குள்ள இன்னைக்கு ஊசி. எம் புருஷன் இன்னாசி நாலாவது கட்டில்ல கிடக்காரு. ஊசியில விஷமிருந்தா போட்டாச் சாவாரு. போடாட்டி வயித்துல இருக்கிற கட்டி கொன்னுரும். டாக்டரும் உங்களைக் கூட்டியாரச் சொன்னாரு அண்ணே."

காதர் மைதீன் சட்டையை மாட்டினார். அவர் சம்சாரம் நூர் நிஷா என்னைப் பார்த்தார்கள். "அற்புதம், நீயும் கூடப் போ. இவரு திருடனைக் கண்டுபிடிச்சிருவாரு, திரும்பி வார ரயிலைக் கண்டுபிடிக்கத் தெரியாது."

இப்படித்தான் நான் எல்லா வழக்குக்கும் போகிறேன். கூப்பிடாமல் ஒரு நாளும் போனதில்லை.

---

பாம்பன் பாலத்து ரயில் லேட். போய்ச் சேரும்போது மணி ஒன்று. வாடைக் காற்று ஜன்னல்களை அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் வார்டுக்குள் ஒரு சத்தமில்லை. பதினொரு பேர் கட்டிலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்கள். கடல்காரர்கள் பதினொரு பேர் ஒரு கூரைக்குக் கீழே இருந்து பேச்சுச் சத்தம் வராமல் நான் அதுவரை கண்டதில்லை. வணக்கம் சொன்னேன். தலையை ஆட்டினார்கள். ஒரு வாய் திறக்கவில்லை. கோடியில் பன்னிரண்டாவது கட்டில் மெத்தை சுருட்டி, கம்பி தெரியக் கிடந்தது.

ஜெபமாலை நாலாவது கட்டிலோரம் போய் உட்கார்ந்தாள். எங்களை டாக்டர் வீரபத்திரன் தன் அறைக்குக் கூட்டிப் போனார். நாற்பது வயது இருக்கும். நாலு நாளாய்த் தூங்காத கண்.

"சார், சுருக்கமாச் சொல்றேன். மருந்து நம்பர் போட்ட பாட்டில்ல வரும். ஒரு ஆளுக்கு ஒரு நம்பர். பன்னிரண்டு பாட்டில்ல ஆறுல மருந்து, ஆறுல வெறும் உப்புத் தண்ணி. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். யாருக்கு எதுன்னு மெட்ராஸ்ல சீட்டுக் குலுக்கிப் போட்டு, பட்டியலை உறையில வச்சு முத்திரை போட்டுட்டாங்க. எனக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது."

"பாதிப் பேருக்கு உப்புத் தண்ணி எதுக்கு டாக்டர் அய்யா?" என்றேன். "அது எங்க ஊர்ல ஓசியிலயே கிடைக்குமே."

அவர் கோபப்படவில்லை. "இவருக்கு மருந்து போகுதுன்னு தெரிஞ்சா நான் அவரை ஆசையாப் பார்ப்பேன். குணமாயிட்டாருன்னு என் கண்ணே எனக்குப் பொய் சொல்லும். அதுக்குத்தான்."

"நோயாளிகளுக்கு இது தெரியுமா?" என்றார் காதர் மைதீன்.

"ஒவ்வொருத்தருக்கும் உக்காந்து சொன்னேன். சம்மதிச்சுக் கைநாட்டு வச்சிருக்காங்க."

"பொன்னுச்சாமிக்கு எது போச்சு?"

"இறந்ததும் தந்தி கொடுத்து அவர் நம்பரை மட்டும் பிரிக்கச் சொன்னேன். மருந்துதான். ஆனா பாருங்க, மிச்சப் பதினொருத்தர்ல அஞ்சு பேருக்கு இதே மருந்து ரெண்டு மாசமாப் போயிட்டிருக்கு. பதினொருத்தரும் எழுந்து நடக்குறாங்க. மருந்து போனா வாய் லேசாப் புண்ணாகும்னு மெட்ராஸ்ல எழுதியிருந்தாங்க. இங்க ஒருத்தருக்கும் அதுகூட இல்ல, கம்பவுண்டர் வாரம் தவறாமப் பார்த்துக் குறிச்சிருக்கார். இவருக்கு மட்டும் மூணே வாரத்துல வாயிலேர்ந்து குடல் வரைக்கும் வெந்துபோச்சு. அது மருந்து செஞ்ச வேலையில்ல."

"ஏன் மூணு வாரம்?"

"பன்னிரண்டாவது கட்டில்ல முன்னாடி இருந்தவர் ஊருக்குப் போயிட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் பொன்னுச்சாமி. திருவாடானைப் பக்கம், நிலபுலன் உள்ளவர். மத்தவங்க எல்லாம் பாம்பன், தொண்டி, மாரியூர்னு கடல்கரை ஆளுங்க. இவருக்கு நிலத்தகராறு உண்டு. பங்காளிங்க வந்து பார்த்துட்டுப் போனாங்க. அவங்க கொண்டுவந்த பண்டத்துலதான் என்னவோ இருந்திருக்கணும்."

"மருந்து அறைச் சாவி?"

"என்கிட்ட ஒண்ணு, கம்பவுண்டர் சவேரியார்கிட்ட ஒண்ணு. சவேரி தங்கமான ஆள்."

"தங்கம்னு சொன்னாலே எனக்குப் பழைய வேலை ஞாபகம் வந்துரும் டாக்டர்," என்றார் காதர் மைதீன். "இன்னைக்கு ஊசியை ஒரு வாரம் தள்ளிப் போடக்கூடாதா?"

"நாளைக்கு போலீஸ் வந்து இந்த இடத்தைப் பூட்டிட்டா, அடுத்த வெள்ளிக்கிழமையே கிடையாது. புது பாட்டில் நேத்து வந்துச்சு. எல்லாரும் நல்லாத் தாங்குறதால இந்த வாரத்திலேர்ந்து அளவு இரட்டை. மூணே முக்காலுக்கு மருந்துத் தட்டை வார்டுக்கு எடுத்துட்டுப் போயிருவேன். அதுக்குள்ள ஏதாவது தெரிஞ்சா வந்து சொல்லுங்க."

---

பங்காளிகள் என்றதும் எனக்கு நாக்கு ஊறியது. பங்காளிச் சண்டை இல்லாத கொலை உப்பில்லாத கருவாடு. ஆனால் சமையல்கட்டில் ராக்கு அந்த ருசியைக் கெடுத்துவிட்டாள். ராக்கு அந்த ஆஸ்பத்திரிச் சமையல்காரி. கையில் அகப்பை இருந்தால் நீதிபதி.

"ஆரு கொண்டாந்தா பண்டம்? பங்காளிக வந்தாக, வாசல்ல நின்னு எட்டிப் பார்த்தாக, உசுரு இருக்குன்னு தெரிஞ்சதும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டுப் போனாக. ஒரு வாழைப்பழம் கொண்டாரல. அவுக சாப்பிட்டதெல்லாம் என் கைச் சோறு."

"அப்ப விஷம் வச்சது நீதான்னு ஆகுது," என்றேன்.

அகப்பை உயர்ந்தது. காதர் மைதீன் நடுவில் புகுந்தார். "தங்கச்சி, அவரு நல்லாச் சாப்பிட்டாரா?"

"வந்த புதுசுல அவுக ஒருத்தருதான்யா என் குழம்பை வக்கணையா அள்ளிச் சாப்பிட்டாக. ரெண்டாவது வாரம் தட்டைத் தள்ளிவிட்டாக. கடைசியில தண்ணி இறங்கல." அவள் குரல் இறங்கியது, உடனே ஏறியது. "மத்தவுக இருக்காகளே, பதினொருத்தரு! கடல்காரகன்னு பேரு. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வச்சா மோந்து பார்க்கிறதோட சரி. ரெண்டு மாசமாக் கஞ்சி, கஞ்சி, கஞ்சி. அதையும் ஆற வச்சுக் குடிக்காக. என் கைப்பக்குவம் சரியில்லைன்னு நேராச் சொல்ல வேண்டியதுதானே?"

"அஞ்சு பேரா, பதினொரு பேரா?"

"பதினொரு பேரு. எனக்கு எண்ணத் தெரியாதாக்கும்?"

காதர் மைதீன் அப்படியே நின்றார். கொழும்பு மூட்டையைப் பார்க்கிற பார்வை அது.

"அற்புதம், கடல்கரை ஆளு எப்பக் காரக்குழம்பு வேண்டாம்பான்?"

"செத்தப்புறம்."

"உசுரோட இருக்கும்போது?"

"வாய் வெந்திருந்தா வேண்டாம்பான். அண்ணே!" வார்டில் மூடியே இருந்த அந்த வாய்கள்.

"அஞ்சு பேருக்கு வெந்திருந்தா அது மருந்து. உப்புத் தண்ணி போட்டுக்கிட்ட ஆறு பேருக்கு வாய் எப்படி வெந்துச்சு? ஏன் டாக்டர்கிட்ட மறைக்கிறாங்க? கம்பவுண்டர் எல்லாருக்கும் வாய் நல்லாயிருக்குன்னு ஏன் எழுதிவச்சான்?"

"சவேரியாரா?" ராக்கு சட்டென்று அகப்பையைக் கீழே வைத்தாள். "அந்தத் தம்பி போன வியாழக்கிழமை பொன்னுச்சாமி அய்யாகிட்டச் சண்டை போட்டுச்சு. 'தனியா நிக்கிறீங்க, தனியாத்தான் சாகப் போறீங்க'ன்னு கத்துச்சு. நான் கஞ்சி கொண்டு போகையில கேட்டேன். அஞ்சாம் நாளு செத்துட்டாக."

வாடைக் காற்று அடுப்புப் புகையைத் திருப்பி எங்கள் முகத்தில் அடித்தது. பதினொரு பேருக்கும் எதுவோ போகிறது. ஊசி ஏற்றுகிற மருந்தைத் தொடுகிறவன் ஒருத்தன்தான். மணி மூன்று தாண்டிவிட்டது.

---

அத்தாட்சி கையில் கிடைக்கும் வரை டாக்டரிடம் எதுவும் சொல்வதில்லை என்று முடிவு செய்து, சாவி வாங்க வார்டு வழியாகப் போனோம். ஜெபமாலை எழுந்து வந்தாள்.

"போடவா, வேண்டாமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் பொறும்மா."

"இங்கன கொஞ்ச நேரந்தான்ணே இருக்கு."

சாவி வாங்கி மருந்து அறையைத் திறக்கும்போது மணி மூன்றே முக்கால் தாண்டிவிட்டது. சின்ன அறை. இந்த வாரப் பாட்டில்கள் இருந்த தட்டைக் காணோம். டாக்டர் சொன்னபடியே வார்டுக்கு எடுத்துப் போயிருந்தார். மூலையில் ஒரு பெட்டி நிறையப் போன வாரத்துக் காலி பாட்டில்கள். வாயில் ரப்பர் மூடி; ஊசியை அந்த ரப்பரில் குத்தித்தான் மருந்தை உறிஞ்சுவார்கள். காதர் மைதீன் பூதக்கண்ணாடியை எடுத்தார். அவர் வேலையிலிருந்து வரும்போது சர்க்காருக்குத் திருப்பிக் கொடுக்க மறந்த ஒரே சாமான் அது.

"ஒரு தடவை உறிஞ்சினா ஒரு துளைதானே இருக்கணும்? இதைப் பாரு. ரெண்டு, மூணு. இதுலயும் மூணு. எவனோ முன்னாடியே குத்தியிருக்கான்." ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். கடைசிப் பாட்டிலில் கை நின்றது. "இதுல மட்டும் ஒரே துளை. சுத்தமான பாட்டில்."

"என்ன நம்பர்?"

"பன்னிரண்டு."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விஷம் வைத்தவன் பதினொரு பாட்டிலைக் குத்தியிருக்கிறான், செத்தவன் பாட்டிலைத் தவிர. குத்தின பாட்டில் போன பதினொருத்தரும் உயிரோடு இருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கிறுக்குக் கடத்தல்காரனை அவர் பார்த்திருக்க மாட்டார். முகத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

அப்போதுதான் அலமாரிக்கு மேல் ஒரு கொட்டாங்கச்சி என் கண்ணில் பட்டது. எட்டி எடுத்தேன். உள்ளே ஒரு சிப்பி, சட்டைப் பொத்தான், புளியங்கொட்டை, வலையில் கட்டுகிற ஈயக் குண்டு, முடிச்சுப் போட்ட நூல், உடைந்த சீப்புப் பல், இன்னும் இப்படிச் சில. எண்ணினேன். பதினொன்று.

காதர் மைதீன் ஒரு அடி பின்னால் போனார். "யா அல்லா. செய்வினையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில், அந்த நேரத்தில், வரக்கூடாத சிரிப்பு. "அண்ணே, நீங்க கடல்ல வந்த சாமானைப் பார்த்தவரு. கடல்ல போன ஆளைப் பார்த்ததில்ல. இது குறி."

"என்ன குறி?"

"எங்க அய்யா முப்பது வருஷம் வள்ளத்துல போனாரு. கரைக்கு வந்ததும் மீனைக் கூறு கூறா வைப்பாங்க, ஆளுக்கு ஒரு கூறு. எந்தக் கூறு யாருக்குன்னு சண்டை வரக்கூடாதில்ல? அதுக்கு ஆளாளுக்குக் கையில கிடைச்சதைக் குறியாக் கொடுப்பாங்க. சிப்பி, குச்சி, பொத்தான், எதுவோ. எது யாருதுன்னு பார்க்காத ஒருத்தர் வந்து கூறுக்கு ஒண்ணா வைப்பாரு. உன் குறி விழுந்த கூறு உனக்கு. அப்புறம் முணுமுணுக்கக் கூடாது."

"அது மீனுக்கு. மருந்து அறையில இதுக்கு என்ன வேலை?"

"அதை நான் சொல்றேன்யா," என்றது வாசலில் ஒரு குரல்.

கம்பவுண்டர் சவேரியார். முப்பது வயது இருக்கும். அழுது முடித்துவிட்டு வந்த முகம்.

"டாக்டர் சொன்னாரு, ஆறு பேருக்கு மருந்து, ஆறு பேருக்கு உப்புத் தண்ணி, சீட்டுக் குலுக்கிப் போட்டாச்சுன்னு. எல்லாரும் கைநாட்டு வச்சாங்க. அவர் அங்கிட்டுப் போனதும் இன்னாசி அண்ணன் என்னைக் கூப்பிட்டாரு. 'தம்பி, குறி போடுறது எங்களுக்குப் புதுசில்ல. கூறு சமமா இருந்தாத்தான் குறி. ஒரு கூறுல வஞ்சிர மீனு, ஒரு கூறுல வெறும் தண்ணின்னு வச்சிட்டுக் குறி போடுறது எந்த ஊர் ஞாயம்? மெட்ராஸ்காரருக்குப் பங்கு பிரிக்கத் தெரியல, நீ பிரிச்சு வை'ன்னாரு. நானும் கரையில பொறந்தவன்யா. மாட்டேன்னு சொல்ல வாய் வரல. வெள்ளிக்கிழமை காலையில எல்லாப் பாட்டிலையும் உறிஞ்சி ஒண்ணாக் கலப்பேன். பதினொரு சமக் கூறாப் பிரிப்பேன். அப்பவும் ஒரு கூறு கூட, ஒண்ணு குறையன்னு மனசு சொல்லுமில்ல? அதுக்குத்தான் குறி. எந்தக் கூறுல யார் குறி விழுதோ, அது அவங்க நம்பர் பாட்டிலுக்குள்ள போகும்."

"டாக்டர்கிட்டச் சொன்னா?"

"நிறுத்திருவாரு. வாய் வெந்ததைக் காட்டினாலும் நிறுத்திருவாரு. அதான் வாயை மூடிக்கிட்டோம். நானும் நல்லாயிருக்குன்னு எழுதினேன்."

"பொன்னுச்சாமி?" காதர் மைதீன் குரல் மெதுவாகிவிட்டது.

"அவருகிட்டயும் கேட்டோம்யா. 'என் நம்பருக்கு வந்தது எனக்கு. கண்டவன் பாட்டில்ல கலந்ததை என் உடம்புல ஏத்தவா'ன்னாரு. நிலத்தைப் பிரிச்சே பழகினவரு, சேர்த்துப் பழக்கமில்ல. மத்தவங்களுக்கு லேசா வாய் வெந்ததோட சரி, அவருக்கு உதடு வெடிச்சிருச்சு. பயந்துபோய் வியாழக்கிழமை திரும்பக் கெஞ்சினேன். கத்திட்டேன். தனியா நிக்கிறீங்க, தனியாத்தான் சாகப் போறீங்கன்னு."

அது மிரட்டல் இல்லை. கூட்டில் சேரச் சொல்லிக் கூப்பிட்ட கூப்பாடு.

காதர் மைதீன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அற்புதம், நாம தலைகீழாப் பார்த்திருக்கோம். செத்தவருக்கு யாரும் எதையும் கலக்கல. மெட்ராஸ் எழுதினபடி முழு மருந்து ஏறினது இந்த வார்டுலயே அவர் ஒருத்தருக்குத்தான். மூணு வாரத்துல போயிட்டாரு. மிச்சப் பேரு பிழைச்சுக் கிடக்கிறது முழு மருந்து போகாததாலதான். பாதியை வாங்கிக்கிட்டு நடமாடுறவங்களைப் பார்த்துட்டு, முழுசும் தாங்குறாங்கன்னு டாக்டர் நினைக்கிறாரு."

"நினைச்சுத்தான் இந்த வாரம்..." என்று ஆரம்பித்தேன்.

"தம்பி," என்றார் அவர், "இன்னைக்குப் பாட்டிலையும் கலந்துட்டியா?"

"காலையிலயே கலந்தாச்சுய்யா."

"இன்னைக்கு வந்திருக்கிறது இரட்டை அளவு. இரட்டையில பாதி எவ்வளவு?"

பொன்னுச்சாமிக்குப் போன அதே அளவு. பதினொரு பாட்டிலிலும்.

வார்டுக் கடிகாரம் நாலு அடித்தது.

---

ஐம்பது வயதில் நான் ஓடினேன். என்னைத் தாண்டி அறுபது வயது காதர் மைதீன் ஓடினார். முதல் கட்டிலில் ஒரு கிழவர் கையை நீட்டியிருந்தார், பஞ்சால் துடைத்தாகிவிட்டது, ஊசி முனையில் ஒரு சொட்டு நின்றது.

"நிறுத்துங்க டாக்டர்!"

"விஷமா? கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"டார்ச் இருக்கா? இவரை வாயைத் திறக்கச் சொல்லுங்க."

"வாய் நல்லாயிருக்குன்னு வாராவாரம் சீட்டுல..."

"சீட்டை விடுங்க. வாயைப் பாருங்க."

கிழவர் சவேரியாரைப் பார்த்தார். சவேரியார் தலையைக் குனிந்தான். கிழவர் நாலாவது கட்டிலைப் பார்த்தார். இன்னாசி மெதுவாகத் தலையாட்டினார். கிழவர் வாயைத் திறந்தார்.

டாக்டர் டார்ச்சை உள்ளே அடித்தார். அடுத்த கட்டிலுக்குப் போனார். திற. அடுத்தது. திற. நாக்கோரம் சிவந்து, கன்னத்து உட்புறம் வெள்ளை வெள்ளையாகப் புண். எல்லாருக்கும் ஒரே மாதிரி, எல்லாருக்கும் லேசாக. ஆறாவது வாயைப் பார்த்ததும் அவர் நடை தளர்ந்தது. ஐந்துக்கு மேல் இருக்கவே கூடாதில்லையா? பதினொன்றாவது வாயைப் பார்த்துவிட்டு டார்ச்சை அணைக்க மறந்து நின்றார். வெளிச்சம் அவர் செருப்பில் விழுந்து கிடந்தது.

சவேரியார் எல்லாவற்றையும் சொன்னான். ஒரு சொல் விடாமல் சொன்னான். டாக்டர் அவனை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் போய்ச் சுருட்டிக் கிடந்த பன்னிரண்டாவது மெத்தையின் பக்கத்தில், வெறும் கம்பியில் உட்கார்ந்தார்.

"கொன்னவன் யாருன்னு கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன் சார்," என்றார்.

காதர் மைதீன் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

டாக்டர் பையிலிருந்து பொன்னுச்சாமியின் சீட்டை எடுத்தார். சாவுக்குக் காரணம் என்ற இடத்தில் 'விஷம், சந்தேகம்' என்று இருந்ததை ஒரே கோடாக அடித்தார். மருந்தின் பெயரை எழுதி, அளவை எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டார். நிதானமாக, எல்லா எழுத்தும் தெரிகிற மாதிரி போட்டார்.

அந்த நேரத்தில்தான் இன்னாசி பேசினார். புண் வாயில் பேச்சு குழறியது. "டாக்டர் அய்யா, பாட்டிலைத் தூர ஊத்திராதீங்க. எனக்கு ரத்தம் போறது நின்னு ஒரு மாசமாச்சு. அது இந்த மருந்தாலயா, மாதா கிருபையாலயா, எனக்குத் தெரியாது. ஆனா நின்னிருக்கு."

"எனக்கும் தெரியாது இன்னாசி," என்றார் டாக்டர். "பதினொரு பேருக்கும் ஒரே மருந்து போயிருந்தா எதோட எதை ஒப்பிட்டுப் பார்க்க? இந்த ரெண்டு மாசமும் ஒண்ணுமே சொல்லாது." அவர் எழுந்து வந்து தட்டிலிருந்த பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இதுல பாதி மட்டும் போட்டா, இதுவரைக்கும் உங்களுக்குப் போன அளவு வரும். அது காப்பாத்துதா, மெதுவாக் கொல்லுதா? நான் சத்தியம் பண்ண மாட்டேன். இன்னைக்கு ராத்திரி ரயில்ல மெட்ராஸுக்கு எல்லாத்தையும் எழுதி அனுப்பணும். அனுப்பினா மருந்தைத் திருப்பிக் கேப்பாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை ஊசி இருக்காது."

ஜெபமாலை காதர் மைதீனிடம் திரும்பினாள். காலையிலிருந்து அவள் கேட்டது ஒரே கேள்வி. இப்போது அதை வாயால் கேட்கக்கூட இல்லை.

"மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு சொன்னேன்மா," என்றார் அவர். "அது உள்ள போய் என்ன செய்யும்னு சொல்ற ஆளு நானில்ல."

அவள் டாக்டரைப் பார்த்தாள். "போடாட்டி என்ன ஆகும்?"

"அது மட்டும் உறுதியாத் தெரியும்," என்றார் டாக்டர்.

ஜெபமாலை கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். இன்னாசியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள்.

"பாதி," என்றாள். "ஒரு சொட்டுக் கூடக் கூடாது. நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்."

டாக்டர் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து ஊசியில் உறிஞ்சினார். பாதிக் கோட்டில் நிறுத்தி அவளிடம் காட்டினார். அவள் குனிந்து பார்த்துத் தலையாட்டினாள். ஊசி இறங்கியது. இன்னாசி கண்ணை மூடிக்கொண்டார். ஜெபமாலை ஊசியையும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. மருந்து முழுக்க இறங்கித் தீரும் வரை டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பார்வையை விலக்கவில்லை.